முன்பக்க ஸ்ட்ரட்டை வீட்டிலேயே மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கார் வைத்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்கும் சந்தேகங்களில் பாதி இந்த ஒரு வேலையைப் பற்றியவை. தொலைபேசியில் சொன்னதையே சொல்லி அலுத்துவிட்டது. அதனால் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன் எட்டாவது பதிலை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

1. ஸ்ட்ரட்டும் ஷாக் அப்சார்பரும் ஒன்றுதானே? ஆளுக்கொரு பெயர் சொல்லிக் குழப்புகிறார்கள்.

ஷாக் அப்சார்பர் ஸ்ட்ரட்டுக்குள் அடக்கம். ஆனால் ஸ்ட்ரட்டின் வேலை அதோடு முடிவதில்லை. தனி ஷாக் அப்சார்பரைக் கழற்றினால் சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஸ்ட்ரட்டைக் கழற்றினால் சக்கரத்தின் மேற்பகுதிக்குப் பிடிமானமே இல்லாமல் போய் வெளியே சாய்ந்துவிடும். ஸ்பிரிங்கைத் தாங்குவது, சக்கரத்தை நிமிர்த்திப் பிடிப்பது, ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்புவது எல்லாம் அதன் பொறுப்பு. ஏர்ல் மெக்ஃபெர்சன் என்ற பொறியாளரின் பெயரால் வழங்கும் அமைப்பு இது. 1950-ல் பிரிட்டனில் அறிமுகமான ஃபோர்டு கான்சல், செஃபிர் கார்களில் இடம்பெற்று, பிறகு சிறிய கார்களில் பரவலாகிவிட்டது.

உங்கள் காரில் இருப்பது ஸ்ட்ரட்தானா என்று பார்க்க பேனட்டைத் திறந்தால் போதும். இரு ஓரங்களிலும் வட்டமான மேடை, அதில் இரண்டு, மூன்று நட்டுகள், கீழே ஸ்பிரிங் சூழ்ந்த தூண் நேராக நக்கிளில் முடிகிறது என்றால் ஸ்ட்ரட்தான். (சக்கரத்தின் பேரிங்கையும் பிரேக்கையும் தாங்கும் வார்ப்புக் கட்டைக்கு நக்கிள் என்று பெயர்.) நக்கிளுக்கு மேலே தனியாக ஓர் ஆர்ம் தெரிந்தால் அமைப்பே வேறு. கீழே வரும் பதில்கள் அதற்கு முழுமையாகப் பொருந்தா.

2. பேனட்டை அமுக்கிவிட்டுப் பார்த்தேன், ஒரே ஆட்டத்தில் நின்றுவிட்டது. அப்படியென்றால் ஸ்ட்ரட் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா?

இல்லை. அந்தச் சோதனையில் அகப்படுவது முழுதாகச் செத்துப்போன ஸ்ட்ரட் மட்டுமே. பாதி தேய்ந்தது தப்பித்துவிடும். ஓடும்போது கவனியுங்கள். வேகத்தடையைத் தாண்டிய பிறகும் முன்பக்கம் இரண்டு மூன்று முறை ஊசலாடுகிறதா? பிரேக் அடித்தால் மூக்கு கவிழ்கிறதா? மேடுபள்ளமான வளைவில் வண்டி பக்கவாட்டில் தத்துகிறதா?

பிறகு டயரைப் பாருங்கள், அதுவும் கையால். உள்ளங்கையை டயரின் மேற்பரப்பில் வைத்துச் சுற்றளவை ஒட்டி மெல்ல நகர்த்தினால் சிறு சிறு மேடும் குழியுமாகத் தட்டுப்படும். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும். சக்கரம் சாலையில் ஒட்டாமல் குதித்துக் குதித்து ஓடியதன் தடம் அது. ஆனால் ‘டொக் டொக்’ என்ற சத்தம் மட்டும்தான் புகார் என்றால் ஸ்ட்ரட்டின் மேல் பழி போடுவதற்கு முன் ஸ்டெபிலைசர் லிங்கையும் (இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் பாரின் நுனியில் உள்ள சிறு இணைப்புத் தண்டு) கீழ் ஆர்மின் பால் ஜாயின்ட்டையும் (ஆர்ம் நக்கிளோடு சேரும் பந்து மூட்டு) ஆட்டிப் பாருங்கள். பல நேரங்களில் குற்றவாளி அங்கேதான் இருக்கிறான்.

3. ஸ்ட்ரட்டின் மேல் லேசாக எண்ணெய் ஈரம் தெரிகிறது. உடனே மாற்ற வேண்டுமா?

சீலுக்கு (தண்டு குழாய்க்குள் நுழையும் இடத்தில் எண்ணெயைத் தடுக்கும் வளையம்) கீழே மெல்லிய படலமாக, தூசி ஒட்டிய ஈரம் இருப்பது இயல்பு. தண்டு மேலும் கீழும் போகும்போது சீலை நனைக்கும் எண்ணெயில் சிறிது வெளியே வரத்தான் செய்யும். குழாயின் பாதி உயரத்துக்கும் கீழே வழிந்து, சொட்டி, துடைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் நனைந்திருந்தால் அது கசிவு. எண்ணெய் போனால் தணிக்கும் திறனும் போயிற்று. அதைச் சரிசெய்ய வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

4. வண்டியின் முன்பக்கம் தாழ்ந்திருக்கிறது. புது ஸ்ட்ரட் போட்டால் நிமிர்ந்துவிடும் அல்லவா?

நிமிராது. இந்த ஒரு தவறான நம்பிக்கையால் வீணாகச் செலவு செய்தவர்கள் பலர். வண்டியைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் துள்ளாமல் அடக்குவது ஸ்ட்ரட். வாயு நிரப்பிய புதிய ஸ்ட்ரட் சில மில்லிமீட்டர் தூக்கிக் காட்டலாம், அவ்வளவுதான்.

தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங்கைச் சந்தேகியுங்கள். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங் உடைந்திருக்கவும் கூடும். உடைவது பெரும்பாலும் கீழ்க் கோடியில், துருவும் சேறும் தங்கும் தட்டுக்குள். ஒரு கால் சுற்றுத் துண்டு ஒடிந்து தட்டிலேயே கிடக்கும், வெளியிலிருந்து பார்த்தால் முழுதாக இருப்பது போலவே தெரியும்.

5. இடது பக்கம்தான் கசிகிறது. அதை மட்டும் மாற்றினால் போதாதா?

போதாது. இரண்டும் ஒரே தூரம் ஓடியவை. ஒன்று இறுக்கமாகவும் மற்றொன்று தளர்வாகவும் இருந்தால் பிரேக் அடிக்கும்போதும் வளைவிலும் வண்டி இரு பக்கமும் இரு விதமாக நடந்துகொள்ளும். ஸ்பிரிங்குக்கும் இதே விதி.

6. என்னென்ன கருவிகள் வேண்டும்? காரோடு வந்த ஜாக்கி போதுமா?

பஞ்சரான டயரை மாற்ற அந்த ஜாக்கி போதும். இந்த வேலைக்கு அதை நம்பாதீர்கள். தள்ளுவண்டி போன்ற ஹைட்ராலிக் ஜாக்கி ஒன்று, தாங்கி நிற்க ஜாக்கி ஸ்டாண்டு இரண்டு, பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை. சாக்கெட் செட், நீளக் கைப்பிடி, ஆலன் கீ, கம்பி பிரஷ், துருவை இளக்கும் எண்ணெய், கட்டுக்கம்பி, பெயின்ட் பேனா. இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் கட்டாயம். இரவல் வாங்கினாலும் சரி.

7. ஸ்பிரிங், மவுண்ட் (ஸ்ட்ரட்டின் தலையை பேனட்டுக்குள் இருக்கும் மேடையோடு பிடிக்கும் ரப்பர் பாகம்) எல்லாம் பூட்டியே வரும் முழு அசெம்பிளியை வாங்குவதா, ஸ்ட்ரட்டை மட்டும் வாங்குவதா?

முதல் முறை செய்கிறீர்கள், உங்கள் காருக்கு அசெம்பிளி கிடைக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதையே வாங்குங்கள். பழையதை முழுதாக இறக்கி, புதியதை முழுதாக ஏற்றுவதோடு வேலை முடிந்துவிடும். ஸ்பிரிங்கை அழுத்தும் ஆபத்தான கட்டமே வராது. பழைய வண்டியில் ஸ்பிரிங், மேல் மவுண்ட், பேரிங் எல்லாம் ஒரே வயது என்பதால் எல்லாம் புதிதாவது கூடுதல் லாபம்.

ஒரு குறையும் உண்டு. மலிவான அசெம்பிளிகளில் உங்கள் வண்டியின் எடைக்குச் சரியாகப் பொருந்தாத ஸ்பிரிங் வந்துவிடுவதுண்டு. மாற்றிய பிறகு முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். பழைய ஸ்பிரிங் நல்ல நிலையில் இருந்து, அதை அழுத்தும் கருவியும் அனுபவமுள்ள ஒருவரின் துணையும் இருந்தால் ஸ்ட்ரட்டை மட்டும் மாற்றலாம். எதை வாங்கினாலும் இடது, வலது பார்த்து வாங்குங்கள். பிரேக் ஹோஸைப் பிடிக்கும் தகடு இரண்டிலும் வேறு வேறு பக்கம் இருக்கும்.

8. மேல் மவுண்டின் நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் தொடாதே என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களே, அப்படி என்னதான் ஆகும்?

சக்கரம் காற்றில் தொங்கும்போதும் ஸ்பிரிங் ஓய்வில் இல்லை. மேல் மவுண்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் இடையே நெரிபட்டுக்கொண்டே இருக்கிறது. அதை வெளியே பாயவிடாமல் பிடித்திருப்பது அந்த ஒரே ஒரு நட்டு. சிறிய கார் தரையில் நிற்கும்போது ஒவ்வொரு முன் ஸ்பிரிங்கும் ஏறக்குறைய 250 முதல் 350 கிலோ வரை தாங்குகிறது. தொங்கவிட்ட பிறகும் அதில் ஒரு பகுதி மிச்சம் இருக்கும். ஸ்பிரிங்கை அழுத்திக் கட்டாமல் நட்டைக் கழற்றினால் அந்த மிச்சம் முழுவதும் மவுண்டோடு சேர்ந்து ஒரே நொடியில் பாயும். பாயும் திசையில் பெரும்பாலும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் முகம்தான் இருக்கும். இந்த வேலையில் மற்ற தவறுகளுக்கெல்லாம் பரிகாரம் உண்டு, இதற்கு மட்டும் கிடையாது.

வண்டியிலிருந்து இறக்கக் கழற்ற வேண்டியவை ஓரத்தில் இருக்கும் சிறிய நட்டுகள் மட்டுமே. நடு நட்டின் மேல் முன்கூட்டியே ஒரு துண்டு நாடாவை ஒட்டிவிடுங்கள். கை தவறிப் போகாது.

9. சரி, அசெம்பிளி கிடைக்கவில்லை. ஸ்பிரிங் கம்ப்ரசரை எப்படிப் பிடிப்பது?

இரண்டு கொக்கித் தண்டுகளையும் ஸ்பிரிங்கின் நேரெதிர்ப் பக்கங்களில், முடிந்தவரை அதிகச் சுற்றுகளைச் சேர்த்து மாட்டுங்கள். மரைக்கு கிரீஸ் தடவுங்கள். இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று கையாலேயே மாறி மாறி இறுக்குங்கள். இம்பாக்ட் கருவி வேண்டாம். அது மரையைச் சூடாக்கிக் கடித்துவிடும், கொக்கி நழுவுவதும் தெரியாது. ஸ்பிரிங் வாழைப்பழம் போல ஒரு பக்கம் வளையத் தொடங்கினால் உடனே தளர்த்தி, கொக்கிகளை இடம் மாற்றி மாட்டுங்கள். ஸ்ட்ரட்டின் இரு முனைகளும் எப்போதும் சுவரைப் பார்த்திருக்கட்டும், ஆளைப் பார்க்க வேண்டாம்.

எவ்வளவு அழுத்துவது என்பதற்கு அளவுகோல் தேவையில்லை. ஒரு கட்டத்தில் மேல் மவுண்ட் சட்டென்று லேசாகும். இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினால் உராய்வின்றிச் சுழலும், ஸ்பிரிங்கின் நுனிக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு கீற்று வெளிச்சம் தெரியும். அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேல் அழுத்துவது வீண் ஆபத்து. அதன் பிறகே நடு நட்டு. தண்டு கூடவே சுழன்றால் அதன் தலையில் உள்ள ஆலன் கீ குழியில் பிடியுங்கள். பளபளப்பான தண்டை இடுக்கியால் பிடிக்கவே கூடாது. ஒரு கீறல் விழுந்தால் புதிய சீலைச் சில வாரங்களில் கிழித்துவிடும்.

10. ஒரு பக்கம் மட்டும் தூக்கி முடித்துவிட்டு, பிறகு மறுபக்கம் போகலாமா?

போகலாம், ஆனால் நீங்களே உங்களுக்கு இடைஞ்சல் செய்துகொள்வீர்கள். ஒரு சக்கரம் தொங்கி மற்றது தரையில் இருந்தால் இரண்டையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொள்ளும். லிங்க்கின் போல்ட் துளையிலிருந்து வராது, திரும்பப் போகவும் போகாது. முன்பக்கம் முழுவதையும் தூக்கி இரண்டு ஸ்டாண்டுகளில் நிறுத்தினால் அந்த முறுக்கு இருக்காது. சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திவிடுங்கள். ஸ்டாண்டு வைத்த பிறகு வண்டியைத் தோளால் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். ஆடுவதாக இருந்தால் சக்கரம் இருக்கும்போதே ஆடட்டும்.

11. எந்த வரிசையில் கழற்றுவது? மேலிருந்தா, கீழிருந்தா?

கீழிருந்து. மேல் நட்டுகள் கடைசி. முதலில் ஸ்ட்ரட்டில் பூட்டியிருக்கும் பிரேக் ஹோஸ் கிளிப், ஏபிஎஸ் வயர் இருந்தால் அதன் பிடி, ஸ்டெபிலைசர் லிங்க் ஆகியவற்றை விடுவியுங்கள். நக்கிளைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளைச் சுற்றிப் பெயின்ட் பேனாவால் கோடு போட்டுவிட்டு நட்டைத் திருப்புங்கள். போல்ட்டைத் திருப்பாதீர்கள். பல கார்களில் போல்ட்டின் கழுத்தில் பல் இருக்கும், திருப்பினால் துளையையே அரித்துவிடும். மேல் நட்டில் கடைசி ஒன்றைக் கழற்றும்போது ஒரு கையால் ஸ்ட்ரட்டைத் தாங்கியிருங்கள். எதிர்பார்ப்பதைவிடக் கனமாக இருக்கும்.

சில பழைய கார்களில் பிரேக் ஹோஸ் மூடிய வளையத்துக்குள் புகுந்து போகும். அதில் ஹோஸைக் கழற்றாமல் ஸ்ட்ரட் வராது. கழற்றினால் பிரேக் எண்ணெயில் காற்று புகுந்திருக்கும். அதை முழுதாக வெளியேற்றாமல் வண்டியை நகர்த்தக் கூடாது.

12. போல்ட் அசையவே மாட்டேன் என்கிறது. தீ காட்டலாமா?

வேண்டாம். பக்கத்திலேயே ரப்பர், பிரேக் ஹோஸ், அழுத்தமான வாயு அடைத்த குழாய். முதல் நாள் இரவே கம்பி பிரஷால் மரையைத் தேய்த்து, துருவை இளக்கும் எண்ணெயை மூன்று நான்கு தடவை விடுங்கள். காலையில் பாதிப் பிடிவாதம் போயிருக்கும். மீதிக்கு நீளக் கைப்பிடி. நட்டு விட்டும் போல்ட் துளையில் ஒட்டிக்கொண்டிருந்தால், நட்டை மரையின் நுனி வரை மட்டும் திருப்பிவிட்டு அதன் மேல் தட்டுங்கள். வெறும் மரையில் அடித்தால் நுனி பூப்போல விரிந்துவிடும்.

13. போல்ட்டை உருவியதும் நக்கிள் வெளியே விழுந்து, ஆக்சில் இழுபட்டுவிட்டது. ஏதாவது கெட்டிருக்குமா?

நக்கிள் வெளியே சாயும்போது ஆக்சிலின் உள்பக்க இணைப்பு அதன் கிண்ணத்திலிருந்து பிரிந்துவிடக்கூடும். ஆக்சிலைக் கையால் உள்ளே தள்ளி, சுழற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுழன்று, ரப்பர் உறை கிழியாமல் முறுக்காமல் இருந்தால் தப்பித்தீர்கள். உறையின் இடுப்பு வழக்கத்துக்கு மாறாகப் புடைத்தோ ஒடுங்கியோ இருந்தால் உள்ளே பிரிந்திருக்கிறது. அதைச் சேர்க்காமல் மேலே போகாதீர்கள். மறுபக்கம் செய்யும்போது, போல்ட்டை உருவுவதற்கு முன்பே நக்கிளைக் கட்டுக்கம்பியால் வண்டியின் சட்டத்தோடு கட்டிவிடுங்கள். நக்கிளின் எடை பிரேக் ஹோஸில் தொங்கவே கூடாது.

14. புதிய ஸ்ட்ரட்டை அழுத்தினால் ஒன்று தானாக எழுகிறது, மற்றொன்று சோம்பலாக எழுகிறது. குறைபாடுள்ளதா?

பெட்டியில் படுத்துக் கிடந்ததால் உள்ளே எண்ணெயும் வாயுவும் கலந்திருக்கும். நிமிர்த்தி வைத்து, முழு நீளத்துக்கு ஐந்தாறு முறை மெல்ல அழுத்தி இழுங்கள். நடுவில் ‘தொளதொள’ என்று விட்டுப்போகும் இடம் மறைந்து, கனம் ஒரே சீராகிவிடும். அப்படியும் ஒன்று வேறுபட்டால் திருப்பிக் கொடுங்கள். வாயு இல்லாத வகையாக இருந்தால் இரண்டுமே தானாக எழாது, அது குறையல்ல.

15. மேல் மவுண்ட் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பழையதையே போட்டுவிடலாமா?

பார்ப்பதை விட்டுத் திருப்புங்கள். மவுண்டின் பேரிங்கைக் காதருகே வைத்துச் சுழற்றினால் மணல் அரைபடும் சத்தம் கேட்கிறதா? ரப்பரை நகத்தால் கீறினால் வெடிப்பு விரிகிறதா? எதற்கு ‘ஆம்’ வந்தாலும் புதியது போடுங்கள். பழைய வண்டி என்றால் பார்க்காமலேயே மாற்றுவது என் வழக்கம். தண்டு முட்டாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப், தூசி உறை இரண்டும் பொடிந்திருக்கும், அவையும் புதிது. புதிய ஸ்ட்ரட் அற்பாயுளில் போவதற்கு உறை இல்லாததும் ஒரு காரணம்.

16. கைக்கு எட்டிய மட்டும் இறுக்கினால் போதாதா? அளவு எங்கே கிடைக்கும்?

உங்கள் மாடலின் பழுதுபார்ப்புக் கையேட்டில். பொதுவான எண்ணை நம்பாதீர்கள். சில கார்களில் நக்கிள் நட்டுக்கு 80 நியூட்டன் மீட்டர் போதும், சிலவற்றில் 200-ஐத் தாண்டும். மேல் நட்டுகள் மெல்லியவை, பல கார்களில் 20 முதல் 50-க்குள் அடங்கிவிடும். நக்கிளை இறுக்கிய கையோடு அவற்றையும் இறுக்கினால் மரை பிடுங்கிக்கொண்டு வரும். ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று கையேடு சொல்லும் நட்டு, போல்ட்டுகளைப் புதிதாக வாங்கிவிடுங்கள்.

17. போல்ட்டைச் சுற்றிக் கோடு போட்டு, அதே இடத்தில் பூட்டிவிட்டேன். வீல் அலைன்மென்ட் இன்னும் வேண்டுமா?

வேண்டும். இரண்டு போல்ட்டுகளுக்கும் இடையே 60 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மேல் போல்ட்டின் இடத்தில் 1 மி.மீ. நகர்ந்தால் சக்கரம் ஏறக்குறைய ஒரு டிகிரி சாய்ந்துவிடும். பேனாக் கோட்டின் தடிமனே அவ்வளவு இருக்கும். சாய்வு மாறினால் சக்கரம் நேராகப் பார்க்கும் கோணமும் கூடவே மாறும். கோடு போட்டது அலைன்மென்ட் செய்யும் இடம் வரை ஒழுங்காக ஓட்டிப் போக உதவும், அவ்வளவே.

18. என் காரில் கீழே இரண்டு போல்ட்டே இல்லை. ஸ்ட்ரட் நக்கிளுக்குள் சொருகியிருக்கிறது.

அது கவ்வி வகை. ஒரே போல்ட்டை எடுத்த பிறகு, பிளவை விரிக்கும் கருவியால் கால் சுற்று விரித்தால் நழுவி வரும். உளியை அடித்து விரிக்காதீர்கள், வார்ப்பு விரிசல் விடும். பூட்டும்போது ஸ்ட்ரட்டின் சிறு நாக்கு பிளவுக்குள் உட்கார்ந்து, குழாய் முட்டும் வரை இறங்க வேண்டும்.

இன்னும் பழைய கார்களில் குழாய் நிரந்தரமாக இருந்து, உள்ளே உள்ள கார்ட்ரிட்ஜ் மட்டும் மாறும். பழைய எண்ணெயைக் கொட்டித் துடைத்து, கார்ட்ரிட்ஜுக்கும் குழாய்க்கும் இடையே புதிய எண்ணெய் சிறிது ஊற்றுங்கள். சூட்டை வெளியே கடத்துவதற்குத்தான் அது. விளிம்பு வரை நிரப்பினால் சூட்டில் விரிய இடமிருக்காது. இதிலும் மேல் மூடியைத் திறக்க ஸ்பிரிங்கை எடுக்க வேண்டும் என்பதால் எட்டும் ஒன்பதும் அப்படியே பொருந்தும்.

19. கழற்றிய பழைய ஸ்ட்ரட்டை என்ன செய்வது?

அறுக்காதீர்கள், தீயில் போடாதீர்கள், உள்ளே அழுத்தம் மிச்சமிருக்கும். அசெம்பிளியாக இறக்கியிருந்தால் எட்டாவது பதிலில் சொன்ன ஸ்பிரிங்கும் அதில் நெரிபட்டபடியே இருக்கிறது. பழைய இரும்பு வாங்குபவரிடம் அதைச் சொல்லிக் கொடுங்கள்.

20. எல்லாம் முடிந்தது. நேராகப் போனால் சத்தமே இல்லை, ஸ்டியரிங்கைத் திருப்பினால் மட்டும் ‘டொய்ங்’ என்கிறது. எதைத் தவறவிட்டேன்?

ஒருவரை உள்ளே உட்கார்ந்து திருப்பச் சொல்லி, நீங்கள் ஸ்பிரிங்கின் மேல் விரலை வையுங்கள் (நெரிபடாத இடத்தில், எஞ்சின் அணைந்திருக்கும்போது). ஸ்பிரிங் முதலில் திரும்பாமல் அடம்பிடித்து, பிறகு ஒரே தாவலாகத் தாவினால் மேல் பேரிங் சுழலவில்லை. பழையதைப் போட்டிருப்பீர்கள், அல்லது புதியதையே தலைகீழாக வைத்திருப்பீர்கள். திருப்பும்போது அல்லாமல் குழியில் இறங்கும்போது சத்தம் வந்தால் மேல் நட்டுகள், லிங்க், நடு நட்டு என்ற வரிசையில் இறுக்கத்தைச் சோதியுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் ஸ்பிரிங்கின் கீழ் நுனியைப் பாருங்கள். தட்டில் அதற்கென்று ஒரு படி இருக்கும், நுனி அந்தப் படியில் முட்டி உட்கார வேண்டும். என் முதல் வேலையில் நுனி ஒரு விரல் அகலம் தள்ளி, படியின் மேல் ஏறி நின்றது. எனக்கு அது தெரியாது. மூன்று நாள் வண்டியில் இருந்த மற்ற நட்டுகளையெல்லாம் சந்தேகித்து இறுக்கிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் ஒரு பெரிய பள்ளத்தில் ‘டணார்’ என்று தானாகவே இறங்கி உட்கார்ந்தது. அன்று மாலையே மறுபடியும் கழற்றி, தட்டில் கீறல் விழுந்த இடத்தில் பெயின்ட் பூசிப் பூட்டினேன்.